துரை எடுத்த வெற்றிலை

மலாயாவில், பீடோருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஆம்புரோஸ் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. ஆபீஸ் வேலையைவிட, வெள்ளைக்காரத் துரைக்கும் லயத்துக் கூலி ஜனங்களுக்கும் நடுவே சமாதானம் பேசுவதில்தான் அவருக்குப் பெருமை. "நீதான் என் மந்திரி" என்று துரை தோளைத் தட்டினால் போதும், மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில், பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டப்போன ஒரு பெண்ணைக் கங்காணி கையைப் பிடித்து இழுத்தான். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஒருவரும் வரவில்லை. அவர்களுக்காக முன்னால் நின்று பேசியவள் இருளாயி.

"எழுத்தெல்லாம் வேணாம் தொரை. ஒரே தட்டுல அவங்களோட வெத்தலை எடுங்க. அதுக்கு மேல அவங்களுக்குச் சத்தியம் கிடையாது" என்று யோசனை சொன்னவர் ஆம்புரோஸ்தான். காம்பை எப்படிக் கிள்ளுவது என்பதுவரை கற்றுக்கொடுத்தார். கங்காணியை அனுப்பிவிடுவதாகச் சொல்லித் துரை வெற்றிலை எடுத்தான். இருளாயியும் எடுத்தாள். ஜனங்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

அந்த வாரமே இருளாயியின் குடும்பத்தைச் சட்டிபானையோடு தோட்டத்துக்கு வெளியே தள்ளினார்கள். கங்காணி அசையவே இல்லை. ஆம்புரோஸ் ஓடிப்போய்க் கேட்டார்.

"வெறும் இலைதானே?" என்று சிரித்தான் துரை.

ஆம்புரோஸ் தன் நாற்காலிக்குத் திரும்பினார்.

மறுவருஷம் மகள் ஆலிஸின் கல்யாணத்துக்கு, வெற்றிலைத் தட்டோடு லயத்தில் வீடு வீடாக அழைக்கப் போனார். ஒரு கையும் நீளவில்லை. கடைசி வீட்டில் இருளாயியின் தங்கை ராக்காயி மட்டும் வாய் திறந்தாள்.

"தொரைகிட்ட நீட்டுங்க கிராணியாரே. அவருக்குத்தான் எடுக்கத் தெரியும். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."