கரட்டுச்சாமிக்கு நேர்ந்த கிடா

லாரி ஓட்டும்போது ஒரு கோயிலைக் கடந்தால் பெரியப்பா சென்றாயன் ஹாரனை மெல்ல ஒருமுறை தட்டுவார். சர்ச்சுக்கும் தட்டுவார், தர்காவுக்கும் தட்டுவார். சிறு வயதிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் ஏன் என்று கேட்கத் தோன்றியது.

"டயரு வெடிக்கிறப்ப எந்தச் சாமி பக்கத்துல இருக்குமோ? எல்லாத்துக்கும் நம்ம மூஞ்சி பழகியிருக்கோணுமில்ல" என்றார்.

கடைசி வருடம் எனக்கு ஒரு பேப்பர் அரியர் விழுந்தது. அது போனால் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டமும் போய்விடும். நாமகிரிப்பேட்டைப் பக்கம் கரடு என்று நாங்கள் சொல்லும் எங்கள் ஊர்ப் பாறைக் குன்றின் அடியில் வண்டியை நிறுத்தி, "கரட்டுச்சாமி, புள்ள பாசாயிட்டா ஒரு கிடா" என்று பெரியப்பா நேர்ந்துகொண்டார். பாஸாகிவிட்டேன். நேர்ந்ததைக் கொடுக்காவிட்டால் அந்தப் பட்டம் எனக்கு ஒட்டாது, வேலை கிடைக்காது என்று அவருக்கு உள்ளூர ஒரு பயம்.

கரட்டின் மேல், கண்ணை மூடிச் சம்மணமிட்டு உட்கார்ந்த பழைய கல் சிலை ஒன்று. எங்களுக்கு அது முனியப்பன். சேலத்திலிருந்து வரும் ஜைனச் சேட்டுகளுக்கு அது அவர்களுடைய தீர்த்தங்கரர். சந்தனம் பூசிக் கும்பிடுவார்கள். பத்துப் படி கீழே, சிலைக்கு நிழல் தரும் அதே வேப்பமரத்தடியில் ஒரு தர்கா. கிடா வெட்டும்போது சிலைக்கு முன்னால் திரை கட்டிவிடுவார்கள். சேட்டுகளுக்கு மரியாதை, எங்களுக்குக் கறி.

பூசாரி அப்புசாமி கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அது உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். கிடா அசை போட்டது. காதுக்குள் ஊற்றினார். அப்போதும் அசை போட்டது.

"படிச்ச புள்ளைக்கு நேந்ததாச்சே, யோசிக்குது" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"எத்தன மார்க்கு கண்ணு?" என்று பூசாரி என்னைக் கேட்டார்.

"நாப்பதுங்க."

"பாசாக எவ்வளவு வேணும்?"

"நாப்பதுதானுங்க."

"பின்ன, சாமி தயங்கத்தான செய்யும்."

கும்பிட வந்திருந்த ஒரு சேட்டம்மா, "சாமியே வேண்டாம்னு சொல்லுது. நான் கூட்டிட்டுப் போய் வளர்க்கிறேன் அண்ணா" என்றார்.

"நேந்த கிடாயக் கைமாத்தி உட்டாக் கடன் தீராதுங்கம்மா" என்றார் பெரியப்பா.

கிடாயை இழுத்துக்கொண்டு இறங்கினோம். தர்கா வாசலில் பாய் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார். புகை மூக்கில் ஏறியதும் கிடா தும்மி, கொம்பிலிருந்து வால்வரை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. பெரியப்பா அப்படியே நின்றுவிட்டார்.

"பாய், உங்க சாமி ஏத்துக்கிச்சுங்க."

"எங்ககிட்ட நேரலையேங்க. முனியப்பனுக்குப் போற கிடாய நான் எப்பிடி வாங்கறது?"

"நான் பேரே சொல்லலீங்க. கரட்டுச்சாமின்னுதான் சொன்னேன்."

மேலே ஓடிப்போய்ப் பூசாரியைக் கேட்டோம். "அங்க சிலுப்புனது இங்க செல்லாது. அடுத்த வருசம் ஓட்டிட்டு வா" என்றார்.

அடுத்த வருடமும் கிடா அசை போட்டது. அதற்கடுத்த வருடமும். ஒவ்வொரு நேர்காணலிலும் தோற்று வரும்போது பெரியப்பா என்னைத் திட்டமாட்டார், கிடாயை முறைப்பார். கடைசியில் சேலம் அஸ்தம்பட்டியில் ஓர் ஆபீசில் வேலை கிடைத்தது. அவருக்குச் சந்தோஷம் பாதிதான். "குடுக்காமயே வாங்கிட்டமே" என்று புலம்பினார். எனக்குச் சாமி நம்பிக்கை உண்டா இல்லையா என்று எனக்கே தெரியாது. ஆனாலும் அன்று கிடாயின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

போன ஐப்பசியில் பெரியப்பா நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு அப்புசாமி வந்திருந்தார். பாயும் வந்திருந்தார். இருவரும் சாப்பிட்டுவிட்டு, கொட்டகையில் கட்டியிருந்த கிடாயைப் போய்ப் பார்த்தார்கள்.

"நல்லாத் தின்னு கொழுத்திருக்குது" என்றார் பாய்.

"உங்களுக்குச் சேர வேண்டியதா இருந்தாலும் இருக்கும் பாய்" என்றார் அப்புசாமி.

"இல்லீங்க பூசாரி, உங்களுதுதான்."

பிறகு இருவரும் திரும்பி, கடன் இனி உன்னுடையதுதான் என்பதுபோல் என்னைப் பார்த்தார்கள்.