குளம்பொலி என்று திருத்தினேன்

தொம்மலூரில் எங்கள் அடுக்ககத்துக்கு ஒரு வாட்ச்மேன் இருந்தார். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை. எந்தச் சத்தம் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் விரலால் தட்டிப் பார்ப்பார். முன்பு குதிரை லாயத்தில் வேலை பார்த்தவராம்.

ஒரு மாலை, பக்கத்து வீட்டுப் பையனின் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வெள்ளைக் குதிரை ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்தார்கள். அது தெருவில் நடந்து வந்தபோதே அவர் கண்ணை மூடினார்.

"சார், நாலு டக்குல ஒரு டக்கு சரியில்ல. பின்னங்கால்ல லாடம் ஆடுது. ஆள் ஏறினா வழுக்கிடும். நான் சொன்னா யார் கேப்பாங்க? நீங்க ஸ்வல்ப வந்து சொல்லுங்க" என்றார், 'கொஞ்சம்' என்பதைக் கன்னடத்தில் சொல்லி.

நான் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவன். "டக்கு என்ன டக்கு? அதுக்குக் குளம்பொலின்னு அழகான சொல்லே இருக்குங்க" என்று சிரித்தேன்.

"நல்ல வார்த்தைதான் சார். அதுல குதிரை நொண்டுறது தெரியுமா?"

நான் மாடிக்குப் போய்விட்டேன். அவரே போய்ச் சொன்னார், விரட்டிவிட்டார்கள். தெருமுனையில் குதிரை சறுக்கி விழுந்தது. மாப்பிள்ளைக்குச் சிராய்ப்புதான். குதிரைக்குக் கால் முறிந்துவிட்டது. குதிரையை ஏற்றிப்போக வண்டி வரும்வரை அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவர் தார்ச்சாலையில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் அவர் முன்னால் போய் நின்றேன். அவரே பேசினார்: "விடுங்க சார். நீங்க சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாங்க."

கேட்டிருப்பார்கள். அது எங்கள் இருவருக்குமே தெரியும். என்னைத் தப்பவைக்க அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.