தர்சினி சாமி இல்லை

இந்த ஊரில் வெயில் ஏறியபின் தெருவில் நடந்தால் யாராவது எதையாவது குடிக்கக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு பந்தலில் நீர்மோர், கொஞ்சம் தள்ளிப் பானகம், ஆடி பிறந்துவிட்டால் அம்மன் கோயில் வாசலெங்கும் கூழ். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பந்தலைப் பார்க்க நடக்கிறார்கள். காஞ்சிபுரத்தில் வேலை இருக்கும் நாட்களில் என் காலைச் சாப்பாட்டையே நான் இப்படி முடித்திருக்கிறேன். அம்மாவுக்கு மட்டும் இது ஆகாது. பந்தலையும் அதன் முன் நிற்கும் வரிசையையும் கண்டதும் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவாள். "மகாராணிக்கு ஓசி மோர் இறங்காதோ" என்று சீண்டுவேன். தன்மானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கனடாவுக்கும் லண்டனுக்கும் போன எங்கள் ஆட்கள் பனியைப் பற்றி எழுதுகிறார்கள். நான் எழுதினால் காஞ்சிபுரத்தை ஒட்டிய இந்த ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவைப் பற்றித்தான் எழுத முடியும். வன்னியிலிருந்து கிளம்பிய எங்கள் புலம்பெயர்வு, கடலைத் தாண்டியதும் மூச்சு வாங்கி இங்கேயே உட்கார்ந்துவிட்டது. அகதி என்று காவல் நிலையத்தில் பதிந்து, முகாமுக்கு வெளியே, நாளெல்லாம் தறிச் சத்தம் கேட்கும் ஒரு வீட்டின் பின்கட்டில் அம்மாவும் நானும் வாடகைக்கு இருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பில் நானும் பள்ளிக்கூடமும் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டோம். இப்போது வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறேன், கடைகளுக்குப் போர்டு எழுதுகிறேன். ஆட்டோ ஸ்டாண்டில் என் பெயர் சிலோன். வீட்டில் ஒரு தமிழ், ஸ்டாண்டில் இன்னொரு தமிழ். வாசலில் செருப்பு மாற்றும்போதே அதையும் மாற்றிக்கொள்வேன். சில நாள் செருப்பை மட்டும் மாற்றிவிட்டு நாக்கை மறந்து, அம்மாவிடம் "இன்னாம்மா" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வதும் உண்டு.

எனக்கு ஒரு அக்கா இருந்தாள். தர்சினி. போரின் கடைசி மாதங்களில், சாப்பிட ஒன்றுமில்லாமல் கடற்கரையோரம் சனம் நெருங்கிக் கிடந்தபோது, அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் போட்டுக் காய்ச்சிய கஞ்சி கொடுத்தார்கள். அதை வாங்கப் போன இடத்தில் ஷெல் விழுந்தது. நான் அப்போது பதுங்குகுழியில் தூங்கிக்கொண்டிருந்த சின்னப் பையன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அக்காவின் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை. உப்பு மட்டும் நினைவிருக்கிறது.

ஒவ்வொரு மே மாதமும் எங்கள் ஆட்கள் உலகமெங்கும் அந்தக் கஞ்சியைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். அம்மாவும் காய்ச்சுவாள், கதவைச் சாத்திக்கொண்டு. ஆளுக்கு ஒரு குவளை. அடுத்த நாள் வீட்டுக்காரி தனலட்சுமி அக்கா வந்து, நேற்று ஏன் கதவைத் திறக்கவில்லை என்று கேட்டால், தலையிடி என்பாள். இந்த வருடம் நான் கேட்டேன்.

"பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமக் குடிச்சா, அது நினைவோ, களவோ?"

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "சொன்னா என்ன வரும்? சனம் விடுப்புப் பாக்கும், வேடிக்கை பாத்திட்டுப் போகும்," என்றாள்.

"ஒருத்தராவது கேட்டா?"

"அவளின்ர பேரை நான் வெளியில சொல்லேலாது. சொன்னா அழுதுடுவன். அழுதா அவைக்கு அழுகைதான் ஞாபகம் நிக்கும், பிள்ளை நிக்காள்."

நான் விடவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். எங்கள் இரண்டு பேரையும் தவிர மூன்றாவதாக ஒருவர் தர்சினி என்ற பெயரைச் சொல்ல வேண்டும். நாங்கள் இல்லாமல் போனால் அவள் இருந்ததே இல்லை என்று ஆகிவிடக்கூடாது. வாரக்கணக்கில் நச்சரித்த பிறகு அம்மா இறங்கி வந்தாள், ஆனால் ஒரு நிபந்தனையோடு. உப்பைத் தவிர வேறு எதுவும் சேரக்கூடாது. குடிக்கும் ஒவ்வொருவருக்கும் ஏன் என்று சொல்ல வேண்டும். "சும்மா குடுத்தா அது சாப்பாடு. சொல்லிக் குடுத்தாத்தான் அந்தக் கஞ்சி."

அகதி பொது இடத்தில் எதைச் செய்தாலும் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது என்று காவல் நிலையத்துக்குப் போனேன். மனதுக்குள் ஒரு பிரசங்கமே தயார் செய்திருந்தேன். ஏட்டு முதல் வரியிலேயே நிறுத்திவிட்டார். "கஞ்சி ஊத்தறதுக்கெல்லாம் பெர்மிசன் கேக்க வந்துக்கினு. புண்ணியம்தானேப்பா. ஆறும்போது ஒரு தூக்கு இந்தாண்ட குடுத்தனுப்பு."

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆட்டோ ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் அண்டாவை வைத்தோம். ஆட்டோ ஓட்டும் குமார், என் நண்பன், இடம் பிடித்துக் கொடுத்தான். வேப்பமரம், அண்டா, அதில் வெள்ளையாகக் கஞ்சி. இந்த ஊர்க் கண்ணுக்கு இதற்கு ஒரே அர்த்தம்தான். முதலில் வந்த பெரியவர் சொம்பை நீட்டி, "ஆடிக்கு முன்னாடியே கூழா, எந்த அம்மனுக்குப்பா வேண்டுதல்?" என்றார். அம்மன் இல்லை, என் அக்கா, போரில் என்று நான் ஆரம்பிப்பதற்குள் குடித்து முடித்து, "நல்லா இருப்பே" என்று என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். அடுத்து வந்த பெண், "உப்பு மட்டும்தானா? வெங்காயம் இல்லியா?" என்றாள். அதற்கடுத்தவர் ஒரு வாய் குடித்துவிட்டு ஓரமாகத் துப்பினார். ஒரு அம்மாள் அண்டாவின் ஓரத்தில் பத்து ரூபாய் வைத்துக் கும்பிட்டாள். நான் சொல்ல வாயெடுப்பதும் அவர்கள் என்னை ஆசீர்வதித்துவிட்டு நகர்வதுமாகப் போனது காலை. வாழ்நாளில் நான் இவ்வளவு ஆசீர்வாதம் வாங்கியதில்லை.

அம்மா கதவுக்குள்ளேயே இருந்தாள். இரண்டாவது உலையை வைத்துக்கொண்டு, ஆறினால் கொண்டுவருகிறேன் என்றிருந்தாள். நான் தண்ணீர் எடுக்கக் குழாயடிக்குப் போன நேரத்தில் குமார் தன் கைவரிசையைக் காட்டிவிட்டான். திரும்பி வந்தபோது அண்டாவில் மோர், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மாங்காய்த் துண்டுகள்.

"டேய், இன்னாடா பண்ணி வெச்சிருக்கே?"

"மானத்த வாங்காதடா சிலோனு. வந்தவங்களுக்கு வெறும் உப்புக் கஞ்சி ஊத்தி அனுப்புவாங்களா? நம்ம ஸ்டாண்டு பேரு இன்னாவறது? இப்ப பாரு."

பார்த்தேன். மோர் வாசனை தறி வீடுகளுக்குள் போய் ஆட்களை இழுத்து வந்திருந்தது. தூக்கும் சொம்பும் குண்டானுமாகச் சனம் சாலை வரை நின்றது. குமார் ஆட்டோவிலிருந்து கயிற்றை எடுத்து மரத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே கட்டி, "லேடீஸ் இந்தாண்ட, ஜென்ட்ஸ் அந்தாண்ட, லைன்ல வாங்கப்பா" என்று கூவிக்கொண்டிருந்தான். சிறுமி ஒருத்தி, கையில் சட்டியோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டாவது பானையோடு அம்மா தெருமுனை திரும்பியது அப்போதுதான்.

பானையை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. ஓடி வந்தாள். அம்மா ஓடி நான் பார்த்ததில்லை. வரிசைக்குள் புகுந்து ஆட்களைத் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "வரிசையா நிக்காதேங்கோ. கலையுங்கோ. ஒரு இடத்தில நிக்காதேங்கோ, தள்ளித் தள்ளிப் போங்கோ." அந்தச் சிறுமியைத் தூக்கி மரத்தின் வேரோரம் அழுத்தி உட்கார வைத்து, அவள் தலைக்கு மேல் தன் கைகளை விரித்துக் கவிழ்ந்துகொண்டாள். முடி அவிழ்ந்துவிட்டது. உடம்பு நடுங்கியது. பந்தலைக் கண்டால் அவள் ஏன் தெருவைக் கடப்பாள் என்பது அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. அவள் ஒதுங்கியது மோரைக் கண்டு அல்ல, வரிசையைக் கண்டு.

சனத்துக்கு வேறொன்று புரிந்தது. வேப்பமரம், கூழ், அவிழ்ந்த முடி, நடுக்கம். "ஆத்தா வந்துக்கிறா" என்று யாரோ சொன்னார்கள். சத்தம் அடங்கியது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தனலட்சுமி அக்கா எங்கிருந்தோ தட்டில் கற்பூரத்தோடு வந்து, அம்மாவின் நெற்றியில் திருநீறு பூசி, சாமி வந்தவர்களிடம் இந்த ஊர் கேட்கும் கேள்வியை முறைப்படி கேட்டாள்.

"யாரு தாயி வந்திருக்கறது? இன்னா கொற வெச்சோம்? வாயத் தெறந்து சொல்லு."

எத்தனையோ வருடங்களாக யாரும் அம்மாவிடம் கேட்காத கேள்வி அது. இங்கே அதிகாரிகள் கேட்டிருக்கிறார்கள், எந்தக் கப்பல், எந்தத் தேதி என்று. என்ன குறை, வாயைத் திறந்து சொல் என்று யாரும் கேட்டதில்லை. அம்மா நிமிர்ந்தாள். அழவில்லை.

"நான் சாமி இல்லை. தர்சினியின்ர அம்மா," என்றாள். "என்ர பிள்ளைக்குப் பன்னிரண்டு வயசு. கஞ்சிக்கு லைன்ல நிண்டவள், கையில சட்டியோட. அந்த இடத்துக்கு வாங்கோ, அங்க அடிக்கமாட்டம் எண்டு ஆமிக்காரர் சொல்லித்தான் எங்களை வரவச்சவை. மேல இருந்து பாத்தாலே தெரியும், அது சாப்பாட்டுக்கு நிக்கிற சனம் எண்டு. தெரிஞ்சும் அடிச்சவை. நான் போய்ப் பாக்கேக்க சட்டி கிடந்தது. கஞ்சி மண்ணில. எது என்ர பிள்ளை எண்டு பிரிச்சு எடுக்கேலாமப் போச்சு."

தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. சாமியை மலையேறச் சொல்வதா, கற்பூரத்தை அணைப்பதா என்று தனலட்சுமி அக்காவுக்குத் தெரியவில்லை.

"அங்க சண்ட நடந்துச்சுன்னு டிவில பாத்தோம்," என்றாள் தணிந்த குரலில். "கொயந்தைங்க லைன்ல நின்னதெல்லாம் யாரும் சொல்லலியேமா."

"நான்தானே சொல்லியிருக்க வேணும்," என்றாள் அம்மா.

குமார் கயிற்றை அவிழ்த்தான். அன்று மிச்சக் கஞ்சியைச் சனம் அங்கங்கே தள்ளித் தள்ளி உட்கார்ந்து குடித்தது. அம்மா தெருமுனையில் விட்டுவிட்டு வந்த உப்புக் கஞ்சிப் பானையைக் குமாரே போய் எடுத்து வந்தான். முதல் குவளையை அவனே குடித்தான். முகம் சுளித்தான். மறுபடியும் ஊற்றிக்கொண்டான்.

இதோடு முடித்துவிட்டால் நல்ல கதை. ஆனால் இந்த ஊர் நல்ல கதையோடு நிற்கிற ஊர் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வேப்பமரத்தடியில் ஒரு கல் இருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவோடு. வேலை தனலட்சுமி அக்காவுடையது.

"எங்க வூட்லயும் பொண்ணு அல்பாயுசுல பூட்டா பூவாடக்காரின்னு வெச்சுக் கும்புடறதுதாம்பா. உன் அக்காளுக்கு இங்க யாரு இருக்கறாங்க, நாமதானே செய்யணும்."

நான் தேடிய மூன்றாவது ஆள் கிடைத்துவிட்டாள். சந்தோஷப்படத்தான் பார்த்தேன். அம்மா அந்தக் கல்லை நெடுநேரம் பார்த்தாள். பூவை எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தபின் சொன்னாள். "நல்ல மனுசி. ஆனா அவள் சாமி இல்லை, பிள்ளை. சாமியெண்டா வரம் கேப்பினம். ஆர் சாகடிச்சது எண்டு ஆரும் கேக்காயினம்."

அன்றிரவு அது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இனப்படுகொலை என்ற சொல்லைச் சுவரொட்டிகளில் பார்த்திருக்கிறேன். சுவருக்குப் பெயின்ட் அடிக்கும்முன் அந்தச் சுவரொட்டிகளைச் சுரண்டி எடுத்தும் இருக்கிறேன். பெரிய சொல். கூட்டத்தில் சொன்னால் கை தட்டுவார்கள். தர்சினி என்று சொன்னால் வயசு கேட்கிறார்கள். வயசு கேட்டவர்கள்தான் அடுத்து, யார் செய்தது என்று கேட்பார்கள். கும்பிட்டுவிட்டால் அந்தக் கேள்வி அங்கேயே நின்றுவிடும். கும்பிடுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. எங்களுக்காக ஒரு முழம் பூ வாங்கியது இந்த ஊர்தான்.

எனக்குத் தெரிந்த ஒரே தொழிலைச் செய்தேன். ஒரு தகரத்தில் கறுப்புப் பெயின்டில் எழுதினேன். தர்சினி, வயது பன்னிரண்டு, போரில் கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது இறந்தாள் என்று. அம்மா பார்த்துவிட்டு, "இறந்தாளோ?" என்றாள். துடைத்துவிட்டுக் கொல்லப்பட்டாள் என்று எழுதினேன். கீழே இன்னொரு வரி: கொன்றவர்கள் இன்றுவரை பதில் சொல்லவில்லை. கல்லுக்குப் பின்னால் மரத்தில் கட்டினேன், ஆணி அடிக்காமல். மரத்துக்கு ஆணி அடித்தால் தனலட்சுமி அக்கா என்னை அடிப்பாள்.

தனலட்சுமி அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தாள். "கேஸு ஒண்ணும் போடலியா?"

"போட்டு வெச்சிருக்காங்க, கேக்கத்தான் ஆள் இல்லக்கா."

"நாங்க கேக்கறமில்ல," என்றாள்.

இப்போது ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருப்பவர்கள் அதைப் படிக்கிறார்கள். வெளியூர்க்காரர் கேட்டால் குமார் சொல்கிறான், நான் சொல்வதைவிடக் கோபமாக. ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தனலட்சுமி அக்கா கல்லோடு சேர்த்துத் தகரத்துக்கும் மஞ்சள் பூசிவிடுகிறாள். எழுத்து மறைந்துவிடுகிறது. சனிக்கிழமை வேலைக்குக் கிளம்பும்முன் நான் ஈரத்துணியோடு போகிறேன். எழுத்தின் மேல் இருக்கும் மஞ்சளை மட்டும் துடைக்கிறேன். சுற்றி இருப்பதை அப்படியே விட்டுவிடுகிறேன்.