மூன்று செங்கல் ஓட்டை

நசநசவென்று உப்புக்காற்று... கூடவே காயும் நெத்திலி வாசம்.
லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலை நினைத்தால் முதலில் மூக்குக்குத்தான் ஞாபகம் வருகிறது.

அப்போது நான் மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. அம்மா வெயிலில் உட்கார்ந்து மீன் ஆய்வதைப் பார்க்கப் பொறுக்காமல், வாசலுக்கு ஒரு சார்ப்பு இறக்கலாம் என்று ஆரம்பித்தேன். மண்டையில் கம்பெனி கேன்டீனில் பார்த்த கூரை டிசைன்... சும்மா இருக்க முடியுமா?

எதைப் போட்டால் உப்புக்காற்றுக்குத் தாங்கும்? அது தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு துண்டு தகரம், ஒரு துண்டு சிமெண்ட் ஷீட், இரும்புக் கம்பி, சவுக்குக் கட்டை... எல்லாவற்றையும் வாசல் மணலில் போட்டு வைத்து, தினமும் ஷிப்ட் முடிந்து வந்ததும் குனிந்து குனிந்து பார்ப்பேன்.

"இன்னாடா, முட்டை வச்சிகினு கீறியா? குஞ்சு பொரிச்சுதா?" என்பார் நைனா. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

கம்பி ஒரே மாதத்தில் துருப்பிடித்து உரிந்தது. தகரம் ஓரமெல்லாம் சிவந்தது. சிமெண்ட் ஷீட் அசையவில்லை, ஆனால் மத்தியானம் அதன் அடியில் கையை வைத்தால் அடுப்புதான். கடைசியில் சவுக்குக் கால், மேலே பனை ஓலை. கேன்டீன் டிசைன் அத்தோடு காலி.

சுவரை மட்டும் நான் விடவில்லை. மணல் பறந்து வந்து மீனில் விழாமல் இருக்க, கடல் பக்கம் இடுப்பளவு அரைச்சுவர். அதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டு டச்சுக் கல்லறைக்குப் போய், அந்தச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். இத்தனை காலம் இதே காற்றில் நிற்கிறதே, எப்படி? கிளிஞ்சல் சுண்ணாம்பு என்றார் கொத்தனார். அதையே போட்டோம்.

சுவர் எழும்பியது. நானும் நைனாவும் நின்றுகொண்டு பார்த்தோம். கடல் ஜோராகத் தெரிந்தது.

அம்மா அரிவாள்மனையோடு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தாள்.

"கடல் எங்கடா?"

எனக்குச் சுருக்கென்றது. நைனாவின் போட் வரும்வரை அம்மாவின் கைதான் மீனில் இருக்கும், கண் கடலில் இருக்கும். அலை பெரிதாக இருக்கும் நாளில் கரை ஏறும் இடத்தில்தான் போட் கவிழும். எல்லாவற்றையும் அளந்த நான், அம்மா உட்கார்ந்தால் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்று அளக்கவேயில்லை.

"டச்சுக்காரன் செத்தவனுக்குக் கட்னான்டா. நீ உசுரோட கீறவளுக்குக் கட்டு," என்றார் நைனா.

சுவரை இடித்தால் மணல் வரும். அதனால் அம்மாவை அசையாமல் உட்காரவைத்து, அவள் கண்ணுக்கு நேராக மூன்று செங்கலை மட்டும் உருவினோம்.

"இப்போ தெரியுதாம்மா?"

"ஆங்... நம்ம போட்டு வர்ற வழி தெரியுது."

அந்த ஓட்டை வழியாக மணல் நேராக அம்மா மடியில் வந்து விழும். தட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

எனக்கோ இன்னொரு சந்தேகம்... கடலிலிருந்து பார்த்தால் அந்த ஓட்டை தெரியுமா? நைனாவிடம் கேட்டேன்.

"கரை கிட்ட வந்தா தெரியும். ஓட்டைல பொடவை கலர் தெரிஞ்சா உங்கம்மா உக்காந்துகினு கீறானு அர்த்தம். அப்புறம் அலை இன்னா பெருசு?"

இப்போது மீஞ்சூரில் சொந்த வீடு, வேலை மட்டும் சென்னைக்கு மாறி தினமும் ரயில். வாசலுக்குப் பாலிகார்பனேட் ஷீட், தரையில் டைல்ஸ், போனில் டிசைன் பார்த்துப் பார்த்துக் கட்டிய அரைச்சுவர். நைனா கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார், அவரும் அம்மாவும் என்னோடுதான். வந்த அன்றே அம்மா டைல்ஸைத் தடவிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"ரோடு எங்கடா?"

"ரோட்ல இன்னாம்மா கீது? நைனாதான் வூட்லயே கீறாரே."

"நீ வர மாட்டியா டேசன்லேர்ந்து?"

மறுபடியும் அதே தப்பு. "டிசைன் கெட்டுடும் சார்" என்று முனகிக்கொண்டே கொத்தனார் மூன்று செங்கலை எடுத்தார்.

நைனாவுக்கு அன்று அத்தனை பெரிய அலை. எனக்கு வெறும் லேட்டான ரயில்தான். ஆனாலும் நேற்று தெரு முனையில் திரும்பும்போதே கண் அந்த ஓட்டைக்குத்தான் போனது...

பச்சைப் புடவை தெரிந்தது. அப்புறம் என்ன அவசரம்? நடையைக் கொஞ்சம் மெதுவாக்கிக்கொண்டேன்.