மேகமலைக்கு ஏறிய வேன்

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலில் வண்டிக்குச் சாத்திய மாலை தானாக உதிரும்வரை அதைக் கழற்றக் கூடாது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. இன்று என் மகள் வாங்கிய, உள்ளேயே படுத்துச் சமைக்க வசதியுள்ள கேம்பர் வேனுக்கு மாலை சாத்தியபோது, செவ்வந்தியின் பச்சை வாசம் என்னைச் சிறுவயது மலைப்பாதைக்கு அழைத்துப் போயிற்று.

அப்பா ஒரு பழைய வேனுக்குள் கட்டிலும் மண்ணெண்ணெய் அடுப்பும் பொருத்தியிருந்தார். சின்னமனூரிலிருந்து தினமும் பார்த்த மேகமலையில் ஓர் இரவாவது தங்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. கௌமாரியம்மன் கோயிலில் வண்டிக்கு மாலை சாத்திவிட்டுக் கிளம்பினோம். மலை ஏறத் தொடங்கியதுமே ரேடியேட்டர் கொதித்தது. தண்ணீர் ஊற்றினோம்; அடுத்த வளைவிலும் கொதித்தது.

"இங்கனயே குடித்தனம் பண்ணிருவோம். அதான் அடுப்பு இருக்குல்ல," என்று சிரித்த அப்பா, பிறகு குரல் தணிந்து, "திரும்பிருவோமா?" என்றார்.

அம்மா இறங்கி வண்டியின் முன்னால் போய் நின்றார். ரேடியேட்டருக்குக் காற்றே போகாதபடி அந்தத் தடித்த மாலை முகப்பை மூடியிருந்தது.

"இப்பிடி மூச்சு முட்டுனா வண்டி எப்பிடிங்க ஏறும்? ஆத்தா ஒண்ணும் கோவிச்சுக்கிற மாட்டா," என்று தாமே அதை அவிழ்த்து, உள்ளே ஏறி மடியில் வைத்துக்கொண்டார். எஞ்சின் ஆறியதும் வண்டி ஏறியது. மறுநாள் விடியலில், தமக்குக் கீழே மிதந்த மேகங்களை அம்மா பார்த்துக்கொண்டே நின்றார்.

அப்பா இல்லை. அந்த வேனும் இல்லை. அம்மா இருக்கிறார், இன்று என் மகளுக்குப் பக்கத்து இருக்கையில் முதலில் ஏறி உட்கார்ந்தவர் அவர்தான்.