வராத வீட்டுக்கு நான் சொன்ன நன்றி

ஜெபத்துக்கு வந்த என் பிள்ளைகளே, நடந்தது எனக்கே முழுசாகப் புரியவில்லை. புரிந்தவரை சொல்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள்.

போன ஐப்பசி மழையில் எங்கள் மண்வீடு இடிந்தது. தாயில்லாத என் பேத்தி எஸ்தர் ஒன்பதாவது படிக்கிறாள். இரண்டு பேரும் நெல் கொள்முதல் கொட்டகையில் ஒதுங்கினோம். சம்பா அறுப்பு வந்தால் அங்கே மூட்டை அடுக்கிவிடுவார்கள். பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தால் பிள்ளையைப் பிரித்துக் காப்பகத்தில் சேர்த்துவிடுவார்களோ என்று பயம். அழுதேன்.

அந்த வாரம் பாஸ்டர், "கேட்டது கெடச்சாச்சுன்னு நம்பி இப்பவே நன்றி சொல்லுங்க" என்றார். நானும் எழுந்து, "வீடு குடுத்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!" என்றேன். நீங்கள் எல்லோரும் அல்லேலூயா போட்டீர்கள். ராத்திரிச் சோறு கொடுத்துவந்த சகோதரி மறுநாள், "வீடுதான் வந்துருச்சே, எப்ப பால் காய்ச்சுறீங்க?" என்று கேட்டுவிட்டுச் சோற்றை நிறுத்திவிட்டார். ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் அவிசுவாசம். குழம்பிப்போனேன்.

"என்னய்யா, நன்றிய மட்டும் வாங்கி வச்சுக்கிட்டீரே?" என்று ஆண்டவரிடமே கேட்டேன்.

பிறகு ஒருநாள் கொட்டகைக்கு ஓர் அம்மா வந்தார். பெயர் மும்தாஜ். கூத்தாநல்லூர்க்காரர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் மனக்கஷ்டம் கேட்கும் ஆலோசகராம். வகுப்பில் எஸ்தர் தூங்கி விழுந்ததைப் பார்த்து, தனியே கூப்பிட்டு, "ராத்திரி எங்க தூங்குறே?" என்று கேட்டிருக்கிறார். இவள் சொல்லிவிட்டாள்.

"எனக்குப் பைத்தியம் இல்லம்மா, வேற ஆளப் பாருங்க" என்றேன்.

"அது நல்லாத் தெரியுது பாட்டி. எஸ்தரப் பிரிக்க வரல. உக்காரலாமா?"

சாக்கை விரித்தேன்.

பள்ளிக்கூடத்தில் எஸ்தர் குளித்து உடை மாற்ற ஓர் அறையைத் திறந்துவிட்டார். சாயங்காலம் அங்கேயே படிக்க இடம் கொடுத்தார். மற்றப் பிள்ளைகளிடம் மூச்சு விடவில்லை. இடிந்த வீட்டுக்கு நிவாரணம் கேட்கப் போன தாலுகா ஆபீசில், நான் உளறாமலிருக்கப் பக்கத்திலேயே நின்றார். சிங்கப்பூரில் இருக்கும் ஒரு குடும்பத்திடம் பேசி, பூட்டிக் கிடந்த அவர்கள் வீட்டின் பின்கட்டை எங்களுக்குத் திறக்க வைத்தார். முதல் மூட்டை கொட்டகைக்கு வருமுன் குடியேறினோம்.

"நீங்க யாருகிட்ட வேண்டிக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"நான் வீட்டுக்காரங்ககிட்டதான் கேட்டேன் பாட்டி" என்று சிரித்தார்.

ஆண்டவர் அனுப்பினார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முக்காடு போட்டு அனுப்பியது ஏன் என்றுதான் இன்னும் குழப்பம். நீங்களும் ஆண்டவரை நம்புங்கள். பள்ளிக்கூடத்தில் யாராவது அக்கறையாகக் கேட்டால், பிள்ளைகளை வாய் திறக்கச் சொல்லுங்கள்.

எஸ்தர் இப்போது வகுப்பில் தூங்குவதில்லை. பிரசங்கத்தில்தான் தூங்குகிறாள். அதற்கும் கொஞ்சம் ஜெபியுங்கள்.