கண்ணாடித் துணி சுற்றிய மட்டை

போன வாரம் எங்கள் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டுவிட்டது. அடைப்பதற்கு ஒரு தம்பி வந்தார். முப்பது வயசு இருக்கும். டப்பாவைத் திறந்தார் பாருங்கள், அந்த ரெசின் பசை வாசனை படியிறங்கி நேரே பூஜை அறைக்குள் வந்து, சாம்பிராணியைத் தள்ளிவிட்டு என் மூக்கில் ஏறியது. வேலுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தவள் பூவை அப்படியே தட்டில் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். அவர் தொட்டியை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் வாயே திறக்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

“எண்ணெ பிசுக்கு கொஞ்சூண்டு இருந்தாலும் ரெசின் நிக்காதும்மா. அதான் இவ்ளோ தேய்ச்சிக்கினு கீறேன்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தத் தம்பி மேல் இல்லை. நான் கேட்காமலே சொன்னாரே, அதற்காகவே அவருக்கு இரண்டாவது காப்பி போட்டுக் கொடுத்தேன். என் கோபம் வேறொரு ஆள் மேல். அவர் இருக்கிறாரோ இல்லையோ, தெரியாது. இல்லாவிட்டாலும் கோபம் அப்படியேதான் இருக்கிறது. சாமி கும்பிடுகிறவளுக்கு இவ்வளவு கோபம் ஆகாது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சாமிக்குத் தெரியும், யார் மேல் ஏன் என்று.

1991 என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஸ்ரீபெரும்புதூரோடு சேர்ந்து வேறொன்றுதான் ஞாபகம் வரும். அதற்கு நாங்களும் அழுதோம். ஆனால் அந்த வருஷத்தில் எனக்குச் சொந்தமாகவும் ஒரு துக்கம் உண்டு. அது எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

அப்போது ஒரகடம் பக்கம் இப்போது மாதிரி கம்பெனிகள் கிடையாது. ரோட்டோரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பட்டறைகள் அங்கொன்றும் இங்கொன்றும் இருக்கும். எட்டாவது வரை படித்த எனக்கு அதில் ஒன்றில் வேலை கிடைத்தது. பஸ்ஸுக்கு முன்பக்க மூஞ்சி செய்கிற வேலை. கண்ணாடி நாரில் நெய்த துணியை அச்சில் விரித்து, ரெசினைப் பிரஷ்ஷால் அடித்து, மேலே இன்னொரு துணி, மறுபடி ரெசின். காய்ந்த பிறகு தட்டிப் பார்த்தால் இரும்பு மாதிரி கேட்கும். சாயங்காலம் கையெல்லாம் அரிக்கும். ஆனாலும் பெருமைக்குக் குறைச்சல் இல்லை. பஸ் ஸ்டாண்டில் புது பஸ் வந்து நின்றால், “இது நான் செஞ்ச மூஞ்சி” என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லிவிடுவேன். அவர்கள் பஸ்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

பட்டறையில் எனக்குத் துணை மேரி அக்கா. காலையில் ரெசின், சாயங்காலம் வீட்டில் தையல் மெஷின். எங்கள் இரண்டு பேருக்கும் மேலே ஒரு சூப்பர்வைசர். கையில் எப்போதும் டீ கிளாஸ். பேசவே மாட்டார். பேசாத ஆள் நல்ல ஆள் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் அண்ணன் ஹாக்கி ஆடுவார். எங்கள் ஊரில் ஹாக்கியா என்று கேட்பீர்கள். மேரி அக்காவின் சர்ச்சுக்கு வந்த ஒரு ஃபாதர், கையில் நாலைந்து பழைய மட்டையோடு வந்திறங்கினார். ஜெபத்துக்கு வராத பையன்கள்கூட மட்டைக்கு வந்தார்கள். எங்கள் அண்ணன் கழுத்தில் முருகன் டாலரோடு போய் நின்றார். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு திடல். புல் என்று பேருக்குக்கூட இருக்காது, முழுக்கச் சரளைக்கல். மட்டையெல்லாம் வடக்கே எங்கேயோ புல்தரைக்கு என்று செய்தது. எங்கள் சரளையில் அடித்தால் எத்தனை நாள் தாங்கும்? பிரம்புக் கைப்பிடி வந்து கட்டையோடு சேருகிற கழுத்திலேயே முறியும். சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றுவார்கள், சணல் கட்டுவார்கள், பசை ஊற்றுவார்கள். அண்ணன் திண்டாடிப் போவார்.

“எத்தினி தபா கட்னாலும் அதே எடத்துல பூடுது பாப்பா. எனுக்கு அடிக்கத் தெரியும். மட்டைக்குத் தாங்கத் தெரியல.”

இந்த நேரத்தில்தான் மெட்ராஸில் ஒரு பெரிய கம்பெனியில் ஹாக்கி டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஃபாதர் சொல்லி அனுப்பினார். டீமில் சேர்ந்தால் கம்பெனியில் நிரந்தர வேலை. அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அண்ணன் கூலிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். டீமில் சேருவதற்கான வயசு வரம்பும் அந்த வருஷத்தோடு முடிகிறது. அவரிடம் இருந்த மட்டை கழுத்தில் விரிசல். புதுசு வாங்க வழியில்லை, வாங்கினாலும் அவர் அடிக்கிற அடிக்கு நிற்காது.

“பஸ்ஸு மூஞ்சி லாரி இடிச்சாத்தான் ஒடையுது. ஒரு மட்டைய ஒடையாம செய்ய முடியாதா நம்மளால?” என்று மேரி அக்காவிடம் கேட்டேன்.

“எட்த்துக்கினு வா, பாக்கலாம்” என்றார் அக்கா.

சாப்பாட்டு நேரத்தில், வெட்டிப் போடுகிற துண்டுத் துணியையும் டப்பா அடியில் மிஞ்சுகிற ரெசினையும் வைத்துச் செய்தோம். சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்டேன். தலையை ஆட்டினார். முதலில் ஒரு பழைய மட்டைக்கு மேலிருந்து கீழே வரை சுற்றினோம். அண்ணன் தூக்கிப் பார்த்துவிட்டு, “இன்னா பாப்பா, ஹாக்கி ஆடறதா, மாவு இடிக்கறதா?” என்றார். அப்போதுதான் எங்களுக்கு ஒரு விஷயம் சொன்னார். ஆட்டத்துக்கு முன்னால் அம்பயர் ஒரு வளையத்தை எடுத்து மட்டையில் நுழைத்துப் பார்ப்பாராம். உள்ளளவு இரண்டு அங்குலம். நுழையாத மட்டை வெளியே.

வீட்டில் நான் சின்னப் பிள்ளையில் போட்ட பித்தளை வளையல் இருந்தது. ஸ்கேல் வைத்துப் பார்த்தோம், சரியாக இரண்டு அங்குலம். முருகா, இதற்குத்தான் எனக்கு அதைப் போட்டுவிட்டாயா என்று நினைத்தேன். அதுதான் எங்கள் அம்பயர். எங்கள் மட்டை பாதியிலேயே அதில் சிக்கிக்கொண்டு நின்றது.

அப்படியென்றால் முதலில் கட்டையை இழைத்து மெலிசாக்க வேண்டும். பிறகு துணி சுற்றினால் பழைய பருமன் வரும். செய்தோம். கழுத்து முறியாமல் நின்றது. ஆனால் கீழே வளைகிற இடத்தில் துணி மடங்கி, உள்ளே காற்று புகுந்து கொப்புளம் விட்டது. அடித்ததும் அந்த இடம் பொரிந்து போனது. அண்ணன் மட்டையைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மேரி அக்காதான் மறுநாள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு கோணலாக இழுத்துப் பார்த்தார். “ஏண்டி, ரவிக்கைய கிராஸ்ல வெட்டுனா ஒடம்போட படியுதா இல்லியா? இதையும் கிராஸ்ல வெட்டு.”

வெட்டினோம். அந்தத் துணி வளைவில் போய்ப் படிந்ததைப் பார்க்கவேண்டுமே, தோல் மாதிரி! மட்டை வளையலுக்குள் போய் வந்தது. இரண்டு செங்கல் மேல் வைத்து மேரி அக்கா ஏறி நின்றார். அக்கா ஒல்லியான ஆள் இல்லை. மட்டை முனகக்கூட இல்லை. “ஏசுவே, எனக்கே பயமா கீது, எறக்கி வுடுடி” என்று மேலே நின்றபடி கத்தினார். நான் சிரித்ததில் ரெசின் கொட்டிவிட்டது.

அது ஒத்திகை. இனி அண்ணனுடைய சொந்த மட்டை. அதன் பிடிதான் அவர் கைக்குப் பழக்கம். விரிசலை ஒட்டி, இழைத்து, வழவழவென்று தேய்த்து, கிருத்திகை வருகிறதே என்று சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். மறுநாள் பார்த்தால் அம்மா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள். கும்பிட்டுவிட்டுப் பட்டறைக்கு எடுத்துப்போனேன். சந்தனத்தைத் தேய்த்துச் சுத்தமாகத் துடைத்தேன். ரெசின் கலக்கும்போது சூப்பர்வைசர் வந்தார். மட்டையை எடுத்தார். விரலால் தடவினார். விரலை மூக்கருகில் கொண்டுபோனார். பிறகு விரலை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டு, மட்டையை வைத்துவிட்டு, டீ கிளாஸோடு போய்விட்டார். சந்தன வாசனை அவருக்கும் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். அவ்வளவு நல்ல மனசு எனக்கு அப்போது.

மெட்ராஸ் மைதானத்துக்கு நானும் மேரி அக்காவும் லீவு போட்டுக்கொண்டு போனோம். கம்பி வேலிக்கு வெளியே உட்கார்ந்தோம். ஆள் எடுக்க வந்தவர்கள் தொப்பி போட்டுக்கொண்டு நாற்காலியில் இருந்தார்கள். வளையத்தில் மட்டை நுழைந்தது. அக்கா என் தொடையில் கிள்ளினார். அண்ணன் தடுப்பு ஆட்டக்காரர். இரண்டு பந்தைத் தடுத்தார், ஒன்றை எடுத்து அந்தக் கோடிக்கு அடித்தார். நாற்காலியில் இருந்த ஒருவர் எழுந்து நின்று பார்த்தார். நான் பார்த்தேன், அவர் எழுந்து நின்றார்.

அடுத்த அடியில் மட்டையின் தோல் உரிந்தது. வாழைப்பட்டை உரிகிற மாதிரி, கீழிருந்து கழுத்து வரை. உள்ளே நாங்கள் இழைத்து மெலிசாக்கிய கட்டை. அதற்கடுத்த அடியில் அது இரண்டாக முறிந்து, ஒரு துண்டு பந்தைவிடத் தூரமாகப் போய் விழுந்தது.

“இன்னாப்பா, வூட்டுல செஞ்சதா?” என்றார் தொப்பிக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் ஓடிப்போய் இன்னொரு பையனிடம் மட்டை கேட்டார். அவன் நல்லவன், கொடுத்தான். அதற்குள் அடுத்த ஆள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அண்ணன் இரவல் மட்டையோடு கோட்டுக்கு வெளியே நின்றார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து நின்றவரும் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் முறிந்த துண்டைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். எங்கே தப்பு என்று தெரியாமல் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. சூப்பர்வைசர் வாங்கிப் பார்த்தார். உரிந்த இடத்தை மோந்தார்.

“நல்லெண்ணெ. எனுக்கு அன்னிக்கே தெரியும், இது நிக்காதுன்னு.”

“தெரியுமா? ஏன் சார் சொல்லல?”

“நீ கேக்கலியே.”

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை, நக்கலாகக்கூடச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார். மேரி அக்காதான் கேட்டார்.

“ஏன் சார், எங்க வூடு பத்திக்கினு எரிஞ்சாலும் நாங்க வந்து கேட்டாத்தான் சொல்வீங்களா?”

அவர் கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டார். நீங்களே சொல்லுங்கள், திட்டுகிறவனை மன்னிக்கலாம், திருடுகிறவனைக்கூட ஏதோ பசி என்று விட்டுவிடலாம். தெரிந்துகொண்டே பார்த்துக்கொண்டு நிற்கிறவனை என்ன செய்வது? ஒரு வார்த்தைதானே! அதைச் சொல்ல அவருக்கு என்ன செலவு? என் அண்ணன் வாழ்க்கை முழுக்க லோடு வண்டியில் போனது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். “மட்டைக்கு எண்ணெ தடவினியாம்மா?”

“ஆமா, சந்தனம் வெக்கறதுக்கு மின்னாடி நல்லா ஊற ஊறத் தடவினேன். கட்டைக்கு எண்ணெதான்டி ஆயுசு. ஏன்?”

வெறும் கட்டைக்கு அது சரிதான். அம்மா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. “ஒண்ணுமில்ல” என்றேன். கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய், “எண்ணெயாலதான்னு அம்மாக்குத் தெரிஞ்சுதுன்னா, நான் உன்கூடப் பேசமாட்டேன்” என்றார். கண் திருஷ்டி என்றே அம்மா கடைசி வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தாள். போகட்டும். அவளுக்காவது அந்த நிம்மதி.

அடுத்த கிருத்திகைக்குக் குன்றத்தூர் மலை ஏறினேன். கும்பிட இல்லை, சண்டை போட. உன் பேருக்குத் தடவிய எண்ணெய்தானே, நீயாவது சொல்லக்கூடாதா, நீயும் கேட்டால்தான் சொல்வாயா என்று சன்னதியில் நின்று அழுதேன். அர்ச்சகர் ஏதோ கல்யாணப் பிரார்த்தனை என்று நினைத்து எனக்கு மட்டும் ஒரு மாலை கொடுத்தார். முருகனோடு சமாதானம் ஆகிவிட்டது. அவன் சிரித்துக்கொண்டாவது கேட்டான். மனுஷனோடு ஆகவில்லை.

கோபத்திலேயே இன்னொரு மட்டை செய்தேன். ஃபாதர் கொடுத்த பழைய கட்டை, எண்ணெய் படாதது, அதே கிராஸ் வெட்டு, அதே வளையல். அண்ணன் அதைத் தொடவே இல்லை. டீம் பையன்கள்தான் அதை வைத்து, அந்தச் சரளையில், திடல் இருந்த வரைக்கும் அடித்தார்கள். கீறல் விழுந்தது, உடையவில்லை. இப்போது பட்டறை இல்லை, ஃபாதர் மாற்றலாகிப் போனார், மேரி அக்கா கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். மட்டை மட்டும் எங்கள் மாடியில் கொடிக்கயிறு தாழாமல் இருக்க முட்டுக் கொடுத்து நிற்கிறது.

தொட்டி வேலை முடிந்து கை துடைக்கும்போது அந்தத் தம்பி அதைப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். “இன்னாம்மா இது, வளைஞ்சிக்கினு? கல்லு மாதிரி கீது.”

“ஹாக்கி மட்டை.”

“ஹாக்கியா? இந்தப் பக்கம் யாரும்மா ஹாக்கி ஆடுனாங்க?”

மாடியிலிருந்து பார்த்தால் ஏரிக்கு இந்தப் பக்கம் எல்லாம் தெரியும். கம்பி வேலிக்குள்ளே புதுக் கார்கள், வெள்ளைப் பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டு, வரிசை வரிசையாக வெயிலில் நிற்கின்றன. கையை நீட்டிக் காட்டினேன்.

“அதோ, அங்கதான் ஆடுனாங்க. எங்க அண்ணன் அந்த நடு வரிசையில நிப்பாரு.”

அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். பிறகு, விவரம் தெரியாத பெரியம்மாவுக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

“அது கம்பெனி எடம்மா.”